தொப்புள்கொடி ரத்தத்துக்கு நான் கட்டிய பணம்

போன மாதம் இங்கே தென்னாப்பிரிக்காவில் செஞ்சூரியன் ஊரில் இருக்கும் என் நாத்தனார் மகள் போன் பண்ணினாள். அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிரசவமானதும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துச் சேமித்து வைக்கும் திட்டத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினாளாம். "அத்தை, நீங்க பாப்பாவுக்குச் செஞ்சீங்கதானே? நாங்களும் செய்யலாமா?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி அவளிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். 2013-இல் எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை.

நாங்கள் 2009-இல் மன்னார்குடியிலிருந்து டர்பனுக்கு வந்தோம். என் கணவருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை, வீடு ஷால்கிராஸில். முதல் பிரசவத்துக்கு அம்மாவுக்கும் விசா கிடைக்கவில்லை, மாமியாருக்கும் உடம்பு முடியவில்லை. பக்கத்து வீட்டு ஆயா மட்டும்தான் துணை. அவர் இங்கேயே நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பம். நான்கு வார்த்தை தமிழ், மற்றதெல்லாம் டர்பன் இங்கிலீஷ். பயத்தில் இருக்கும் பெண்ணிடம் எதையும் விற்றுவிடலாம். எனக்கு விற்க வந்தவள் நல்ல பெண்தான், பொய் சொன்னாள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். கையேட்டில், அந்த ரத்தத்தில் உள்ள ஸ்டெம் செல்லால் குணமாக்கலாம் என்று எண்பதுக்கும் மேற்பட்ட நோய்களின் பட்டியல் இருந்தது. 'உங்கள் குழந்தைக்கு உயிர்க் காப்பீடு' என்று எழுதியிருந்தது. முன்பணம் 5,500 ராண்ட், பிறகு 24 மாதம் 640 ராண்ட். கொடியின் திசுவையும் சேர்த்து வைக்க இன்னொரு 6,000. மூன்றாவது வருஷத்திலிருந்து ஆண்டுக்கு 900. என் கணவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல தொப்புள்கொடியைக் காய வச்சு வெள்ளித் தாயத்துல அடைச்சு இடுப்புல கட்டுவாங்க. அது இதைவிட மலிவு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை விஷயத்தில் கஞ்சத்தனமா என்று கேட்டு, கையெழுத்துப் போட வைத்தேன்.

மகள் பிறந்த பத்தாம் நாள் சான்றிதழ் வந்தது. அதைப் பாஸ்போர்ட்டுகளோடு ஒரே கவரில் வைத்தேன். அதில் செல்களின் எண்ணிக்கை ஒரு வரியில் இருந்தது. அதை நான் படிக்கவே இல்லை. கரண்ட் கட் ஆரம்பித்த காலத்தில் மட்டும் பதறிப்போய் அந்த நிறுவனத்துக்குப் போன் பண்ணினேன். எங்கள் வீட்டு ஃப்ரீசரில் மீன் கெட்டுப்போனதுபோல் என் பிள்ளையின் ரத்தமும் கெட்டுவிடுமோ என்று கவலை. திரவ நைட்ரஜன் தொட்டியில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கிறது, நைட்ரஜனை நிரப்பிக்கொண்டிருந்தால் போதும், கரண்டை நம்பி இல்லை என்றார்கள். நிம்மதியாகத் தூங்கினேன். 2016-இல் சின்னவன் பிறந்தபோது வீட்டுக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது, அவனுக்குச் சேமிக்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி ரொம்ப நாள் உறுத்தியது.

2018 ஆகஸ்டில் மகளுக்குக் கால் வலி என்று ஆரம்பித்தது. அப்புறம் விடாத காய்ச்சல், தொடையில் அடிபடாமலே நீலத் தழும்புகள். ரத்தப் பரிசோதனை வந்த அன்றே மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். ரத்தப் புற்றுநோய், குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகை. அவளுக்கு அப்போது ஐந்து வயது, 17 கிலோ. டாக்டர் அம்மா சொல்லி முடிப்பதற்குள் நான் கைப்பையிலிருந்து அந்தச் சான்றிதழை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன். இதற்காகத்தானே ஐந்து வருஷம் பணம் கட்டினோம் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். "இதை உள்ளே வைங்க. இப்போ தேவைப்படாது. தேவைப்பட்டாலும் இவளுக்கு இவளோடதை ஏத்த மாட்டோம்" என்றார்.

அன்று அது மண்டையில் ஏறவில்லை. அடுத்த சில வாரங்களில், கீமோ ஏறிக்கொண்டிருக்கும் நேரங்களில் அவர் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்துத்தான் புரிந்துகொண்டேன். ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்கிறார்கள், நல்ல சொல். அதற்கு இரண்டு குணம். தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கும். வேறு வேலை செய்யும் செல்லாகவும் மாறும். நமக்கு வாழையடி வாழை என்றால் பாதி புரிந்துவிடும்: ஒரு கன்று குலை தள்ளும், பக்கத்தில் இன்னொரு கன்று முளைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் வாழையடியில் தென்னை முளைக்காது. இதைத்தான் கையேடு சொல்லவில்லை. எலும்பு மஜ்ஜையிலும் தொப்புள்கொடி ரத்தத்திலும் இருப்பவை ரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்கள். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் அதிலிருந்து வரும். மூளையோ முழங்கால் குருத்தெலும்போ வராது. எதுவாகவும் மாறக்கூடிய வகை, கருவின் ஆரம்ப நாட்களில் இருப்பது. மனிதக் கருவிலிருந்து அதை முதன்முதலில் பிரித்து வளர்த்தது 1998-இல்தான். சாதாரணத் தோல் செல்லையே பின்னோக்கித் திருப்பி அந்த நிலைக்குக் கொண்டுபோகலாம் என்று ஜப்பானின் யாமனாக்கா 2006-இல் எலியிலும் அடுத்த வருஷம் மனிதச் செல்லிலும் காட்டினார், 2012-இல் நோபல் வாங்கினார். அவையெல்லாம் பெரும்பாலும் இன்னும் ஆராய்ச்சியில் இருப்பவை. வருஷக்கணக்காக மருத்துவமனைகளில் தினமும் நடப்பது ரத்தக் குருத்தணு மாற்றுதான், அதாவது நோய்பட்ட மஜ்ஜையை அழித்துவிட்டு நல்ல குருத்தணுக்களை ஏற்றுவது. 1950-களில் டொனால் தாமஸ் தொடங்கி வைத்தது, அவருக்கு 1990-இல் நோபல். ஆகவே யாராவது ஸ்டெம் செல் என்றால் முதல் கேள்வி: எந்த ஸ்டெம் செல்? அது எதுவாக மாறும்?

இரண்டாவது கேள்வி: யாருடைய செல்? என் மகளின் சொந்தத் தொப்புள்கொடி ரத்தம் ஏன் ஆகாது என்பதற்குக் காரணம் கேட்டபோது எனக்கு வயிற்றைப் புரட்டியது. குழந்தைப் பருவ ரத்தப் புற்றுநோய் பலவற்றில், நோயின் முதல் விதை கருப்பையிலேயே விழுந்துவிடுகிறதாம். பிறந்ததும் குதிகாலில் எடுத்துக் காகிதத்தில் உலர்த்தி வைத்த ரத்தத் துளியிலேயே அந்த மரபணுக் கோளாற்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் நான் பணம் கட்டிக் காப்பாற்றிய பையிலும் அந்த விதை இருக்கலாம். தாலசீமியா போன்ற பரம்பரை நோய்க்கும் இதே கதைதான், அதே கோளாறுதான் பையிலும் இருக்கும். தவிர, ரத்தப் புற்றுநோயில் வேற்று ஆளின் செல்லுக்குத்தான் ஒளிந்திருக்கும் புற்றணுவை அந்நியன் என்று அடையாளம் கண்டு அடிக்கும் குணம் உண்டு. தன் சொந்தச் செல் அதைத் தம்பி என்று விட்டுவிடும். கையேட்டின் எண்பது நோய்கள் பொய் இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேறொருவர் கொடுத்த செல் வேண்டும். அந்த ஒரு வரியைச் சின்ன எழுத்தில்கூடப் போடவில்லை.

அளவு இன்னொரு சங்கதி. எங்கள் பையில் மொத்தம் சுமார் 60 கோடி செல்கள். மாற்று செய்ய ஒரு கிலோ எடைக்குக் குறைந்தது இரண்டரை கோடி வேண்டுமாம். வகுத்துப் பாருங்கள், 24 கிலோ வரைதான் வரும். ஆயுள் காப்பீடு என்று வாங்கியது மூன்றாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது.

நல்லவேளை, டாக்டர் சொன்னதுபோல் முதல் சுற்றில் மாற்று தேவைப்படவில்லை. இந்த வகை நோயில் பெரும்பாலான பிள்ளைகள் மருந்திலேயே குணமாகிவிடுகிறார்கள். இரண்டேகால் வருஷம் மருந்து. அந்த நாட்களில் நான் செய்த இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கோயிலில் பழக்கமான ஒருவர், உடம்பின் ஸ்டெம் செல்லைத் தூண்டிவிடும் மாத்திரை என்று ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். நீலப்பச்சைப் பாசியிலிருந்து எடுத்ததாம். மாதம் 1,150 ராண்ட், கூடவே இன்னும் மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் தள்ளுபடி. நான்கு டப்பா வாங்கினேன். மகளுக்குக் கொடுக்கும் முன் டாக்டரிடம் காட்டுவோம் என்று தோன்றியது என் பெற்றோர் செய்த புண்ணியம். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரத்தப் புற்றுநோய் உள்ள பிள்ளைக்கு ரத்தச் செல்லைத் தூண்டிவிடணுமா?" என்று மட்டும் கேட்டார். 4,600 ராண்டைக் குப்பையில் போட்டேன். கொண்டுவந்தவர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை.

அதே மாதிரி, ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று வெளிநாட்டுக் கிளினிக்குகளின் விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள் உறவினர்கள். ஆட்டிசம், பக்கவாதம், முதுகுத்தண்டு, சர்க்கரை, ரத்தப் புற்று எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். என்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ரத்த நோய்களுக்கான மஜ்ஜைக் குருத்தணு மாற்றைத் தவிர மற்றவை ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆய்வு என்று சொல்லிக்கொண்டு உங்களிடமே லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுக்கும் செல்தானே, என்ன கெடுதி வந்துவிடும் என்பார்கள். ஃபுளோரிடாவில் மூன்று பெண்கள் அப்படி நம்பித்தான் ஆளுக்கு 5,000 டாலர் கட்டிக் கண்களில் ஊசி போட்டுக்கொண்டு பார்வையை இழந்தார்கள். 2017-இல் மருத்துவ இதழில் வந்த செய்தி. கண்ணுக்கே உண்மையான குருத்தணு சிகிச்சை ஒன்றும் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. கருவிழி ஓரத்துச் செல்லை வளர்த்து, தீப்புண்ணால் மங்கிய கருவிழியில் வைப்பதற்கு ஐரோப்பாவில் 2015-இல் அனுமதி கொடுத்தார்கள். பெயர் ஒன்றுதான், விஷயம் மலையும் மடுவும்.

2021 மே மாதம் நோய் திரும்பி வந்தது. மருந்து நிறுத்தி ஆறு மாதம்கூட ஆகவில்லை. இவ்வளவு சீக்கிரம் வந்தால் மாற்று செய்தே ஆகவேண்டும் என்றார்கள். ஜூலையில் அவள் வெள்ளையணு அடிமட்டத்தில் இருந்தபோது டர்பனில் கலவரம். மூயி ரிவர் ஊர்ப் பக்கம் நெடுஞ்சாலையில் லாரிகளை எரித்துவிட்டார்கள், கடைகளெல்லாம் சூறை, ரொட்டிக்கு மூன்று மணி நேர வரிசை. ஒரு ராத்திரி அவளுக்கு 38.9 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். தெருமுனையில் அக்கம்பக்கத்து ஆண்கள் தடுப்புப் போட்டுக் காவல் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் தங்கள் காரை முன்னால் ஓட்டி எங்களை மருத்துவமனை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள். அந்த இருவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

பொருத்தம் பார்க்கும் படலம் தொடங்கியது. எச்.எல்.ஏ. என்பது நம் செல்களின்மேல் இருக்கும் அடையாளம். பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து வரும். கூடப் பிறந்தவரோடு முழுசாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. சின்னவனின் கன்னத்தில் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து எடுத்தார்கள். அவனுக்குச் சேமிக்காமல் விட்டேனே என்று ஐந்து வருஷம் மருகினேன் அல்லவா? டாக்டர் சிரித்துவிட்டார். "பொருந்தினால் அவன் மஜ்ஜையிலிருந்து புதுசாவே எடுத்துக்கலாம். அவனே நடமாடும் பேங்க்" என்றார். ஆனால் அவன் பொருந்தவில்லை. தென்னாப்பிரிக்க எலும்பு மஜ்ஜைப் பதிவகம் 1991 முதல் இருக்கிறது. உலகப் பதிவகங்களிலும் சேர்த்துத் தேடினார்கள். நான்கு கோடிக்கும் மேற்பட்ட கொடையாளர்கள். எங்களுக்கு முழுப் பொருத்தம் ஒருவர்கூட இல்லை. இந்த அடையாளம் வம்சாவளியோடு வருவது, ஆகவே நம்மைப் போன்ற வம்சத்தவர் பதிந்திருந்தால்தான் நமக்குக் கிடைக்கும். ஜெர்மானியர்கள் லட்சக்கணக்கில் பதிந்திருக்கிறார்கள். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கூலி வேலைக்கு வந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இந்த ஊரில் இத்தனை பேர் இருந்தும் பட்டியலில் கொஞ்சம் பேர்தான். நம் ஊரில் சென்னையில் தாத்ரி என்ற பதிவகம் 2009 முதல் இருக்கிறது. அங்கே என் அண்ணன் பிள்ளைகள் யாரும் பதியவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கே அதுவரை தெரியாதே.

கடைசியில் மகளுக்கு அவள் அப்பாவே செல்லைக் கொடுத்தார். பெற்றவர் எப்போதும் பாதிப் பொருத்தம்; அந்தப் பாதியை வைத்தே செய்யும் முறை இப்போது வந்துவிட்டது, மாற்று முடிந்த மூன்றாம் நான்காம் நாள் ஒரு மருந்து கொடுத்து, சண்டைக்கு நிற்கும் செல்களை அடக்கிவிடுகிறார்கள். பாதிப் பொருத்தம் என்ற வழி இருக்கிறது என்பதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால், பதிவகத்திலிருந்து 'இல்லை' என்று கடிதம் வந்த அந்த வாரத்தை நான் அப்படி அழுது கழித்திருக்க மாட்டேன். உங்களுக்கு அப்படி ஒரு நிலை வந்தால் நீங்களாகவே கேளுங்கள்.

அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க் போனோம். என்-3 சாலையில் ஆறு மணி நேரம், வான் ரீனன் கணவாய் ஏறும்போது அவள் தூங்கிவிட்டாள். அவருக்கு நான்கு நாள் ஊசி. மஜ்ஜையிலிருந்து குருத்தணுக்களை ரத்தத்துக்கு வரவழைக்கும் மருந்து. இடுப்பெலும்பு விண்விண் என்று வலிக்கிறது என்றார், பாராசிட்டமால் போட்டுக்கொண்டார். ஐந்தாம் நாள் ஒரு கையிலிருந்து ரத்தம் எடுத்து இயந்திரத்தில் பிரித்து மறு கையில் திருப்பிவிட்டார்கள். ஐந்து மணி நேரம். வெட்டு இல்லை, தையல் இல்லை. கொடையாளராகப் பதியப் பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அவர் மறுவாரம் வேலைக்குப் போய்விட்டார்.

போகவேண்டியிருந்தது. கொரோனா காலம், பிள்ளையோடு ஒருவருக்குத்தான் அனுமதி. சின்னவனைக் கூட்டிக்கொண்டு அவர் டர்பன் திரும்ப, நானும் அவளும் அந்த அறைக்குள். மூன்று நாள் கதிர்வீச்சு முடிந்து, மாற்று நாள் என்று பெரிதாக எதிர்பார்த்தால், மத்தியானம் ஒரு நர்ஸ் வந்து தண்ணி ரசம் மாதிரி ஒரு பையை மாட்டிவிட்டுப் போனாள். நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. இவ்வளவுதானா என்று கேட்டேன். கஷ்டமெல்லாம் அப்புறம்தான். வாய் முழுக்கப் புண், எச்சில் விழுங்க முடியாது. தயிர்சாதம் கேட்டு அழுதாள். வீட்டுத் தயிரில் உயிருள்ள கிருமி இருக்கிறது, கூடாது. பதினெட்டு நாள் அந்த வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அப்புறம் ஒரு காலை 0.1 என்று வந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாற்றுக்கான பெரிய செலவை மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு ஏற்றது, முன் அனுமதிக்கு நான்கு வாரம் இழுத்தடித்துவிட்டு. எங்களைச் சாய்த்தது அதைச் சுற்றியுள்ள செலவு. அறையிலிருந்து வெளியே வந்தபிறகும் நூறாம் நாள் தாண்டும்வரை மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஐந்து மாதம் ஃபிளாட் வாடகை, மாதம் 9,500. அவர் வந்துபோகும் பெட்ரோல், என் சம்பளமில்லாத விடுப்பு. தொப்புள்கொடிக்கும் திசுவுக்கும் எட்டு வருஷத்தில் கட்டிய 33,000 ராண்ட் வங்கியில் இருந்திருந்தால் மூன்று மாத வாடகை ஆகியிருக்கும். இன்னொன்று: உடம்பு முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்தால் பிற்காலத்தில் பிள்ளை பிறப்பது கடினம். அதற்கு முன்கூட்டியே ஏதாவது செய்ய முடியுமா என்று நீங்கள் கேட்கவேண்டும். நாங்கள் கேட்டபோது தேதி நெருங்கிவிட்டது. எட்டு வயதுப் பிள்ளையைப் பற்றி அப்படி யோசிக்கவே கூச்சமாக இருந்தது. இன்றைக்கும் என்னை உறுத்துவது இது ஒன்றுதான்.

சரி, நாத்தனார் மகளுக்கு என்ன சொன்னேன்? வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு மாற்று தேவைப்படும் நோய் இருந்தால், அடுத்த பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தத்தைக் கட்டாயம் எடுத்து வை. உலகத்தில் முதன்முதலாக 1988-இல் பாரிஸில் செய்ததே அப்படித்தான், தங்கையின் தொப்புள்கொடி ரத்தம் அண்ணனுக்கு. அப்படி எதுவும் இல்லையென்றால் அந்தப் பணத்தைப் பிள்ளையின் பெயரில் போடு. இல்லை, கட்டத்தான் போகிறேன் என்றால், எடுத்த செல் எண்ணிக்கை குறைவாக இருந்தால் பணம் திரும்ப வருமா, நிறுவனத்தை மூடினால் பை எங்கே போகும், நாம் நிறுத்தினால் என்ன செய்வார்கள் என்று மூன்றையும் எழுத்தில் வாங்கு. அப்புறம் நீயும் உன் வீட்டுக்காரரும் கன்னத்தில் ஒரு பஞ்சுக்குச்சியைத் தேய்த்துப் பதிவகத்தில் பேரைக் கொடுங்கள் என்றேன். ஈஸ்டர் சமயத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் நான் வாலிபப் பிள்ளைகளைப் பிடித்துப் பிடித்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் காவடிக்கு நன்கொடை கேட்கிறேன் என்று நினைத்துச் சில்லறை எடுக்கிறார்கள்.

மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். பிறந்த குழந்தைபோல எல்லாத் தடுப்பூசிகளையும் மறுபடி போட்டோம். போன வாரம் பள்ளிச் சுற்றுலாவுக்கு ஒரு படிவம் வந்தது. ரத்த வகைக்கு நான் பழக்கதோஷத்தில் பி பாசிடிவ் என்று எழுதிவிட்டேன். அவள் பேனாவைப் பிடுங்கி அதை அடித்துவிட்டு ஓ பாசிடிவ் என்று எழுதினாள், அது அப்பாவுடைய வகை. "அம்மா, இதையெல்லாம் நீங்க ஞாபகம் வச்சுக்க வேண்டாமா?" என்று எனக்கு ஒரு திட்டு வேறு.